நான்காவது காரின் முதல் ஓட்டம்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட யூனிபார்ம் துப்பட்டா பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். கம்பு வைத்து எடுத்தேன். ஓரத்தில் கிழிசல். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இன்னும் நான்கு பக்கம்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "புது வண்டி புக் பண்ணியாச்சு. வெள்ளை. அடுத்த வியாழக்கெழம கைக்கு வந்துரும். ஆடியில ஆரும் வண்டி எடுக்க மாட்டான்லா, அதான் ஒடனே கெடைக்கி."

அம்மா: "சரி. மோர் ஊத்தட்டா?"

அவ்வளவுதான். இரண்டாவது கார் வாங்கப்போவதாக அப்பா சொன்ன அன்று நானும் அக்காவும் கட்டிலில் ஏறிக் குதித்து ஒரு பலகையை உடைத்தோம். இன்றைக்கு ஊறுகாயை யார் எடுப்பது என்பதில்தான் எல்லாருக்கும் கவனம்.

"அப்ப சில்வரு?" என்று கேட்டேன்.

"குடுத்தாச்சு. சனிக்கெழம வந்து எடுத்துக்கிடுவாங்க."

எங்கள் சில்வர் காருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஒரு கீறல் கிடையாது. எதற்காக விற்கிறார் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது அக்கா ஓட்டிய கார்.

ஜூலை 22, செவ்வாய்

அதே காற்று. கடைசி பீரியட் சார் வரவில்லை. ரஃப் நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். அதை இங்கேயும் எழுதுகிறேன்.

1. நீலம். வேறொருவர் ஓட்டிய பழைய கார். நான் எல்.கே.ஜி. அப்பா தெருவை ஐந்து தடவை சுற்றினார். எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அக்கா ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் சீட்டில் வாந்தி. அப்பா திட்டவில்லை! "பிள்ள காரைப் பாத்து பூரிச்சுட்டு" என்றாராம்.

2. சிவப்பு. முதல் புதுக் கார். நான்காம் வகுப்பு. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க அப்பா விடவில்லை. வெயிலில் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் சர்ரென்று சத்தம். அதுவும் பெருமையாக இருந்தது.

3. சில்வர். எட்டாம் வகுப்பு. சந்தோஷம் இருந்தது, ஆனால் இரண்டு நாள். மூன்றாம் நாள் அப்பா கடைக்குப் பைக்கில் போனார்.

4. வெள்ளை. இன்னும் வரவில்லை.

மார்க் போட்டால் 100, 90, 60. அடுத்தது எவ்வளவு? ஒரு மனிதர் எத்தனையாவது கார் வாங்கும்போது சந்தோஷம் பூஜ்யம் ஆகும்? கணக்கு மிஸ்ஸிடம் கேட்கலாம், சிரிப்பார்கள்.

அக்கா விஷயத்தையும் எழுதிவைக்கிறேன். பியூலா அக்கா பி.காம். முடித்ததும் அப்பாதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். "எம் மவ கார் ஓட்டிக்கிட்டு வந்து கடை முன்னால நிறுத்தணும்" என்று பம்ப்செட் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். லைசென்ஸ் வந்தது. சில்வரைக் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அப்பா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இந்த மே மாதம் அந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் செல்வத்தை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு புளியங்குடிக்குப் போய்விட்டாள். அவர் வேறு ஆட்கள், வேறு மதம். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரைச் சொல்வதில்லை. அவள் எண்ணை அம்மாவின் போனில் அப்பா தடுத்துவைத்தார்.

அப்பா அன்றைக்குச் சொன்ன ஒரே வாக்கியம்: "நானே பீசு கட்டி அனுப்பிச்சேன்."

ஜூலை 24, வியாழன்

கெமிஸ்ட்ரி டெஸ்ட் 25க்கு 19. மோசம்.

மதிய இடைவேளையில் ஃபாத்திமாவிடம் என் கேள்வியைக் கேட்டேன். கடையநல்லூர்க்காரி, இங்கே மாமி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவள் வாப்பா சவூதியில்.

"எங்களுக்குச் சொந்தக் காரே கெடையாது. வாப்பா லீவுல வந்தா வாடகைக்கு ஒண்ணு எடுப்பாவ. ஒவ்வொரு தடவையும் வேற காரு."

"அப்ப ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா இருக்குமா?"

"வாசல்ல காரு நின்னா வாப்பா வீட்டுல இருக்காவன்னு அர்த்தம். காரத் திருப்பிக் குடுத்துட்டா அடுத்த நாளு பிளைட். அதனால நான் காரோட கலரைக்கூடப் பாக்க மாட்டேன் ட்டி."

சொல்லிவிட்டு என் முட்டையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள்.

ராத்திரி அம்மாவிடமும் கேட்டேன். அவள் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மொதக் காரு வாங்கும்போது எங்கெல்லாம் போலாம்னு யோசிச்சோம். இப்ப யாரு நிறுத்தி என்ன கேப்பாங்களோன்னு யோசிக்கேன். போ, போய்ப் படி."

ஜூலை 26, சனி

சில்வரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் அப்பா என்னைக் காரைக் காலி செய்யச் சொன்னார். கிடைத்தவை: சாம்பிராணி வாசம் வரும் அட்டை (வாசம் போய்விட்டது), அம்மாவின் ஒற்றைக் கம்மல், தென்காசி ரோட்டு டோல் சீட்டு, பாதி தின்ற புளிப்பு மிட்டாய், அக்காவின் முடிக் கிளிப் இரண்டு, உடைந்த கூலிங்கிளாஸ். கிளிப்பை என் பைக்குள் போட்டேன். அப்பா பார்த்தார்.

பின் கண்ணாடியில் அக்கா ஒட்டிய சிவப்பு "L" இருந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் எடுக்காமல் வைத்திருந்தாள். "பின்னால வாரவன் பயந்து தள்ளி வருவாம்பா" என்பாள். அப்பா பிளேடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலைதான் வந்தது. வெயிலில் இறுகிப்போயிருந்தது. அதற்குள் வாங்குகிறவர் வந்துவிட்டார். ராயகிரிக்காரர், கரும்பு போட்டிருக்கிறாராம்.

"அண்ணாச்சி, அதை எதுக்குச் சொரண்டுதிய? இருக்கட்டும். எம் மவளும் இப்பத்தான் வண்டி படிக்கா."

அப்பா பிளேடை மடக்கி வைத்தார். "எந்த ஸ்கூல்ல?" என்று கேட்டார்.

"ஸ்கூலு என்ன ஸ்கூலு, நாந்தேன் சொல்லிக்குடுக்கேன்."

"அது போதும். அப்படியே இருக்கட்டும்" என்றார் அப்பா.

சாவியைக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், குறிப்பெடுக்க. பார்க்கவில்லை. தரையில் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி போன பிறகு அந்த இடம் மிகப் பெரியதாக இருந்தது. அம்மா அதில் வடகம் காயப்போட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அப்பா எங்கள் போதகரான ஐயரிடம் வண்டி வருவதைச் சொன்னார். ஐயர் வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நாலாவது வண்டியா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வியாழக்கெழம சாயங்காலம் அஞ்சரைக்குக் கொண்டாங்க. யார் யாருக்கு ஜெபிக்கணும்னு வழக்கம்போலச் சீட்டு எழுதிருங்க."

எங்கள் வீட்டு வழக்கம் இது. ஷோரூமிலிருந்து அப்பா மட்டும் வண்டியை எடுத்துவருவார். ஜெபம் செய்யாத வண்டியில் குடும்பம் ஏறாது. நாங்கள் நடந்து கோயிலுக்குப் போய்க் காத்திருப்போம். ஐயர் பானெட்டில் கைவைத்து, அந்த வண்டியில் பயணம் செய்யப்போகிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்பதால் தாளில் எழுதிக் கொடுப்போம். பிறகு எல்லாரும் ஏறி ஒரு முதல் ஓட்டம். முன் சீட் அக்காவுக்கு. மூன்று காரிலும் சீட்டு எழுதியவளும் அவள்தான். நீலத்துக்கு எழுதியபோது நான்கு பெயருக்குக் கீழே எங்கள் பூனையையும் சேர்த்துவிட்டாள். ஐயர் பூனைக்கும் ஜெபித்தார்.

வீட்டுக்கு வரும்போது அப்பா, "இந்தத் தடவ சீட்டு நீ எழுதிரு. ஒங் கையெழுத்தும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

தூறல், ஐந்து நிமிடம். மண் நனையவில்லை. ஊருக்குள் ஆடித்தபசுக் கடைகள் வந்துவிட்டன. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் இரண்டு பக்கமும் வளையல்.

கணக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபாத்திமாவின் மாமி வீட்டுக்குப் போனேன். அக்கா புது எண்ணிலிருந்து அங்கேதான் கூப்பிடுவாள். மாதம் இரண்டு தடவை. மாமி போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

"ஏட்டி ஜெசி, வெள்ளையாமே?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ஷோரூம்ல எங்க வீட்டுக்காரவியளுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ரிவர்ஸ் கேமரா இருக்கா? அப்பா பின்னால பாக்காமலே எடுப்பாவ, அதுக்கு நல்லது."

கொஞ்ச நேரம் கார் பற்றியே பேசினாள். கியர், சன்ரூஃப், மைலேஜ். பிறகு குரல் மாறிவிட்டது.

"நான் இல்லாம எந்தக் காரும் மொத ஓட்டம் போனதில்லலா."

நான் கணக்கு நோட்டின் மூலையை மடக்கினேன்.

"வியாழக்கெழம நான் கோயில் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கேன். உள்ள வர மாட்டேன். ஐயரு எம் பேரச் சொன்னா உள்ள வாரேன். சொல்லலைன்னா அப்படியே போயிருதேன். ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல. சீட்டு நீதானே எழுதுத?"

"ஆமா. அப்பாட்ட கேட்டுட்டு..."

"கேக்காத மக்கா. எழுது."

"அது எப்படி அக்கா கேக்காம."

"சரி, ஒன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். கோபமா என்று தெரியவில்லை. கணக்கு ஒன்றுகூடப் போடவில்லை. ஃபாத்திமாவின் விடையைப் பார்த்து எழுதினேன். முதல் தடவை.

ஜூலை 30, புதன்

இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்றில் நான்கு பெயர், ஒன்றில் மூன்று. இரண்டும் நோட்டுக்குள் இருந்தன. நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் அதே யோசனை.

நான்கு எழுதினால் அது அப்பாவை ஏமாற்றுவது. ஜெபத்தில் பொய். மூன்று எழுதினால் அதுவும் பொய்தானா? வண்டியில் ஏறப்போகிறவர்கள் மூன்று பேர் என்பது உண்மை. குடும்பத்தில் நான்கு பேர் என்பதும் உண்மை. எது சீட்டுக்குரிய உண்மை?

அப்பா கடையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் கேட்டேன். நேராகவே.

"அப்பா, சீட்டுல எத்தன பேரு எழுதட்டும்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டு முகத்திலேயே வெகுநேரம் இருந்தது. அடுப்படியில் அம்மா தோசை திருப்பும் சத்தம் நின்றுவிட்டது.

"வீட்டுல எத்தன பேரு இருக்கோம்?"

"மூணு."

"பெறவு என்ன கேள்வி."

நான்கு பெயர்ச் சீட்டைக் கிழித்தேன். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. இனி மனம் லேசாக வேண்டும். ஆகவில்லை. தோசை கருகிவிட்டது.

ஜூலை 31, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு அப்பா ஷோரூமிலிருந்து அம்மா போனுக்கு ஒரு படம் அனுப்பினார். ரிப்பன் கட்டிய கார், கேக், அட்டையில் செய்த பெரிய சாவியை அப்பா பிடித்திருக்கிறார். இரண்டு பக்கமும் சிரித்தபடி ஏழெட்டுப் பேர். எல்லாரும் ஷோரூம் ஆட்கள். அப்பாவும் சிரிக்கிறார், சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிற சிரிப்பு.

ஐந்தேகாலுக்கு நானும் அம்மாவும் கோயிலில். கேட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கார் வந்தது. அழகான கார். உயரம். கண்ணாடியில் எங்கள் முகம் தெரிந்தது. அப்பா கோயில் படியைப் பார்த்து நிறுத்தினார். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஐயர் சீட்டை வாங்கிப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அக்காவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ஐயருக்கு மைக் தேவையில்லாத குரல். ரோடு வரைக்கும் கேட்கும். ராஜாசிங் சாமுவேல். எஸ்தர் ராணி. ஜெசிந்தா. மூன்று பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவதுக்குப் பிறகு ஐயர் சும்மா நின்றார். நான் கண்ணைத் திறந்தேன். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். அப்பாவின் கண் மூடியிருந்தது, ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரி தலை சாய்ந்திருந்தது. பிறகு ஆமென். அப்பா ஆமென் சொல்லவில்லை.

ஏறினோம். முன் சீட்டில் அம்மாவும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. இரண்டு பேரும் பின்னால். அப்பா தனியாக முன்னால், வாடகைக் கார் டிரைவர் மாதிரி.

ரிவர்ஸ் போட்டார். முன்னால் இருந்த ரிவர்ஸ் கேமராத் திரை ஒளிர்ந்தது. அதில் கோயில் கேட். கேட்டுக்கு நடுவில் அக்கா.

தூணுக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறாள். பச்சைச் சுடிதார், தலையில் துப்பட்டா, ஜெபத்துக்குப் போட்ட மாதிரியே. கையில் ஒரு கேரிபேக், உள்ளே ஏதோ டப்பா. மெலிந்திருந்தாள். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். கார் பின்னால் போகப் போக அவள் மஞ்சளுக்கு வந்தாள், சிவப்புக்கு வந்தாள். சென்சார் கத்தியது. முதலில் விட்டு விட்டு, அப்புறம் ஒரே கத்தல்.

அப்பா பிரேக்கை மிதித்தார்.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், டி.வி. பார்ப்பது போல. திரும்பினால் கண்ணாடி வழியாக நேராகவே பார்க்கலாம், பத்தடி தூரம்கூட இல்லை. ஒருவரும் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. அக்காவும் காரைத்தான் பார்த்தாள், பின் கண்ணாடியை, அதில் எங்கள் தலைகள் தெரிந்திருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சத்தம் காதைப் பிளந்தது.

பிறகு அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். திரையில் வெறும் ரோடு. சத்தம் நின்றது.

அதற்கப்புறமும் அப்பா காலை எடுக்கவில்லை. அம்மா, "என்னங்க" என்றாள். "ஏங்க." இரண்டாம் தடவைதான் வண்டி நகர்ந்தது. வெளியே வந்தபோது செல்வத்தின் பைக் முனையில் திரும்புவது தெரிந்தது. பின்னால் பச்சை.

முதல் ஓட்டம் கழுகுமலை ரோட்டில் பெட்ரோல் பங்க் வரைக்கும். கார் சத்தமே இல்லாமல் ஓடியது, அதனால் அம்மா மூக்கை உறிஞ்சியது நன்றாகக் கேட்டது. திரும்பிவந்தோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் ஃபாத்திமா, "புதுக் காரு எப்படிட்டி?" என்றாள். நல்லா இருக்கு என்றேன். சாயங்காலம் மாமி போனில் அக்காவுக்கு நான்கு தடவை போட்டோம். எடுக்கவில்லை.

"நீ எழுதலையா?" என்று கேட்டாள் ஃபாத்திமா.

"அப்பாட்ட கேட்டேன்."

"கேட்டியா! கேட்டா அவுக வேண்டாம்னுதான சொல்லுவாவ. எங்க வாப்பாவும் அப்படித்தான். எங்க உம்மா ஒரு காரியத்தைக் கேக்கவே மாட்டா. செஞ்சுட்டுச் சொல்லுவா."

இது எனக்கு ஏன் தெரியவில்லை? நிறையப் படிக்கிறேன். வகுப்பில் முதலில் கை தூக்குகிறேன். அக்கா போனிலேயே சொன்னாள், கேட்காதே என்று.

பயோ டெஸ்ட் திங்கள். இரண்டு பாடம்.

ஆகஸ்ட் 2, சனி

வெயிலும் காற்றும். வெள்ளைக் காரில் அதற்குள் செம்மண் படிந்துவிட்டது. அப்பா காலையில் பக்கெட் எடுத்துவந்து துடைத்தார். நீலத்தைத் துடைக்கும்போது பாட்டுப் பாடுவார். கீர்த்தனை, முழுச் சரணமும். இன்று துணியைப் பிழிகிற சத்தம் மட்டும். நான் டயருக்குக் குழாயால் தண்ணீர் ஊற்றினேன். என் கேள்வியை அப்பாவிடம் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

"அப்பா, ஒவ்வொரு காரு வாங்கும்போதும் சந்தோஷம் கொறஞ்சுக்கிட்டே வருமா?"

"என்ன, பள்ளிக்கூடத்துல கட்டுரையா?"

"இல்ல. சும்மாதான்."

அப்பா கதவு, கைப்பிடி, கண்ணாடி என்று வரிசையாகத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். கேமரா இருக்கிற இடத்தில், ஒரு பொத்தான் அளவு கறுப்புக் கண்ணாடி, விரலில் துணியைச் சுற்றித் துடைத்தார். திரும்பத் திரும்ப.

"அன்னைக்கு எங்கிட்ட வந்து எதுக்குட்டி கேட்ட?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "என்னது?" என்றேன்.

"சீட்ட. எங்கிட்ட கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? நீ பாட்டுக்கு எழுதிக் குடுத்திருக்க வேண்டியதுதானே. ஐயரு வாயில வந்துட்டா நான் என்ன செய்ய முடியும், கோயிலுக்கு முன்னால வச்சு?"

குழாயை மூட மறந்து நின்றேன். தண்ணீர் தெருவுக்குப் போய்விட்டது. அப்பா வந்து மூடினார். கையைக் கைலியில் துடைத்துவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"புது நம்பர் ஒனக்குத் தெரியும்லா. போடு."

மனப்பாடமாக இருந்தது. போட்டேன். ரிங் போனது. அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் காரின் மறுபக்கம் போய், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். முழு ரிங்கும் போய் நின்றது. இன்னொரு தடவை போட்டேன். இந்தத் தடவை இரண்டே ரிங்கில் கட் செய்துவிட்டாள்.

"வேலையா இருப்பா" என்றேன்.

"ம்" என்றார் அப்பா. போனை வாங்கிக்கொள்ளாமலே உள்ளே போய்விட்டார்.